ஏழு நாளும் பத்துப் பேரும்

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதத் தெருவின் கோடியில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் முதலில் குனிந்துதான் பார்க்கிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாதம் படுகிற இடமெல்லாம் சில்லென்று நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் ஓடுகள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தவை. கையால் தீட்டியவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. வழிகாட்டி இதைச் சொன்னதும் கூட்டம் இரண்டு ஓடுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கும். பிறகு தலைக்கு மேலே தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏலக்காய் வாங்கத் தெருவுக்குப் போய்விடும்.

ஓடுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1568இல் எழுந்த ஆலயத்துக்கு அவை பிற்காலத்து நகை. 1662இல் போர்ச்சுக்கீசியர் ஆலயத்தைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபின், 1664இல் அது பழுது பார்க்கப்பட்டது. டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரஹாபியின் செல்வம் ஓடுகளையும் மணிக்கூண்டையும் கொண்டு வந்தது அதற்கும் நூறு ஆண்டு கழித்து. கேரள யூதர்களுக்கு இருந்த ஆலயங்கள் எட்டு: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. இந்தச் சீன ஓடுகள் பரதேசி ஆலயத்துக்கே உரியவை. எட்டுக்கும் பொதுவாக இருந்தது வேறொன்று. அதைப் படம் பிடிக்க முடியாது. ஏழு நாளை எடுத்து, அதை ஊர் கூடிச் செய்யும் வேலையாக நெய்து வைத்த நெசவு அது. என் கணக்கில் அந்த ஆலயத்தின் ஆகச் சிறந்த கைவேலையும் அதுதான்.

வெள்ளிக்கிழமையிலிருந்து பார்க்கலாம். யூதர்களுக்கு நாள் மாலையில் பிறக்கிறது. ஆகவே ஓய்வு நாளான சபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பே விளக்கேற்றிவிட வேண்டும் என்பது பரவலான வழக்கம். லண்டன் யூதருக்கு இது பெரும்பாடு. குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே விளக்கேற்ற வேண்டியிருக்கும், கோடையிலோ ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முழுக்க ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையிலேயே பொழுது சாய்ந்துவிடும். கடை அடைக்கும் நேரம், குளிக்கும் நேரம், அடுப்பை அணைக்கும் நேரம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் நின்றன.

விளக்கு ஏறியபின் சமைக்கக் கூடாது, எழுதக் கூடாது, காசைத் தொடக் கூடாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது தடைகளின் பட்டியல். உள்ளே இருக்கிறவருக்கு வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் பரபரப்பான திருவிழா. மறுநாளைக்கும் சேர்த்துச் சமைத்தாக வேண்டும். திராட்சை மதுவுக்கு ஆசி சொல்லித்தான் சபாத் உணவு தொடங்கும் என்பது சட்டம். மலபாரில் திராட்சைத் தோட்டம் ஏது? உலர்ந்த திராட்சையை வாங்கி, நீரில் வேகவைத்துப் பிழிந்து வடிகட்டிய சாற்றை மதுவின் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். சட்டத்தையும் மீறவில்லை, ஊரையும் குறை சொல்லவில்லை.

அந்த மேசையில் ஒரு நுணுக்கம் உண்டு. மதுக் கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு ரொட்டிகள் இருக்கும், அவற்றின் மேல் பூவேலை செய்த துணி போர்த்தியிருக்கும். எதற்காகத் துணி? வழக்கமாக ரொட்டிக்குத்தான் முதல் ஆசி. சபாத்திலோ மது முந்திக்கொள்கிறது. தனக்கு உரிய முதலிடம் வேறொன்றுக்குப் போவதைப் பார்த்து ரொட்டி வெட்கப்படக் கூடாதாம். அதனால் அதன் கண்ணை மறைத்து வைக்கிறார்கள். மாவுப் பண்டத்துக்கே இந்த மரியாதை என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்று குழந்தைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோகன் பாட்டி தன் கையாலேயே இத்தகைய துணிகளைத் தைத்து விற்றுவந்தார். 2019இல், 96ஆம் வயதில் இறந்தார். முதுமையில் அவரைத் தாயாகப் பார்த்துக்கொண்டு கடையையும் நடத்தியவர் ஒரு முஸ்லிம். அந்தத் தெருவில் இதை யாரும் வியப்பாகச் சொல்வதில்லை.

மாலைத் தொழுகையில் சபாத்தை மணமகளாக வரவேற்கும் ஒரு பாட்டு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சஃபேது நகரில் வாழ்ந்த சாலமோன் அல்காபெஸ் எழுதியது. உலகெங்கும் யூதர்கள் வெள்ளி மாலை அதைத்தான் பாடுகிறார்கள். கடைசிக் கண்ணி வரும்போது கூடியிருப்பவர்கள் அப்படியே திரும்பி நிற்பார்கள், சில ஊர்களில் வாசலைப் பார்த்து, சில ஊர்களில் சூரியன் இறங்கும் மேற்கைப் பார்த்து. வேதம் இருக்கும் பேழையைப் பார்த்தே தொழும் மக்கள், வாரத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஒரு பெண் வருகிறாள் என்று தலை வணங்குகிறார்கள். வருகிறவள் ஒரு நாள், அவ்வளவுதான். கிழமையைப் பெண்ணாக்கி எதிர்கொண்டு அழைக்கும் கற்பனை நமக்கும் அந்நியமானதல்ல. மார்கழியை வாசலில் கோலமிட்டு வரவேற்கிறவர்கள் நாம்.

சனிக்கிழமை காலையில்தான் ஆலயம் தன் முழு உருவத்தைக் காட்டும். மேற்குச் சுவரில், ஜெருசலேமின் திசையில், செதுக்கு வேலை செய்த மரப் பேழை. அதற்குள் யூத வேதமான தோராவின் சுருள்கள். கொச்சியில் சுருளை உருளை வடிவ மரக் கூட்டுக்குள் வைத்து, வெள்ளித் தகடு போர்த்தி, மேலே முடி சூட்டுவார்கள். திருவிதாங்கூர் மன்னர் கொடுத்த பொன்முடி ஒன்றும் இங்கே உண்டு. சுருளில் இருக்கும் எழுத்துகள் 3,04,805 என்பது மரபுக் கணக்கு. பதனிட்ட தோலில், இறகுப் பேனாவால், ஓர் எழுத்து இன்னோர் எழுத்தைத் தொடாமல் எழுத வேண்டும். ஒரே ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும் அந்தச் சுருள் வாசிப்புக்கு ஆகாது. பழுது பார்க்கும்வரை பேழைக்குள் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த எழுத்துகளுக்கு உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, இசைக்குறியும் இல்லை. புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும்: கண்ணுக்குத் தெரிவது பாதி, மீதியை வாசிக்கிறவர் மனத்திலிருந்து எடுக்க வேண்டும். தோராவை வாசிப்பவர் அதையும் ராகத்தோடு செய்தாக வேண்டும். விரலால் தொடாமல், நுனியில் சிறிய கை செதுக்கிய வெள்ளிக் கோலால் வரியைத் தொட்டுக்கொண்டு போவார். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் சபை சும்மா இருக்காது. நான்கு மூலைகளிலிருந்தும் சரியான உச்சரிப்பு உரக்க வரும், வாசித்தவர் திரும்பச் சொல்வார், வாசிப்பு தொடரும். யாரும் முகம் சுளிப்பதில்லை. பூசாரி மட்டும் அறிந்த மந்திரம் அல்ல இது. எல்லோரும் வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருக்கும் பாடம். கேட்பதற்கு மட்டும் வந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

சபாத் காலையில் ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராகச் சுருளுக்கு அருகே அழைக்கப்படுவார்கள். முதலில் ஆசாரியன் வழி வந்தவர், அடுத்து லேவியன் வழி வந்தவர், பிறகு மற்றவர்கள். அழைப்பது தன் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்து. நோயிலிருந்து எழுந்தவர், கடல் கடந்து திரும்பியவர், கல்யாணம் முடிக்கப்போகிறவர் யாராக இருந்தாலும் ஊருக்குச் செய்தி சொல்லும் இடமும் அதுதான். கடலில் பிழைத்து வந்தவர் அங்கே நின்று நன்றி கூறுவார், சபை ஒரே குரலில் பதில் சொல்லும். நோயாளிகளின் பெயர்களும் வாசிக்கப்படும். ஒருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வம்பு பேச வேண்டாம். சனிக்கிழமை காலை ஆலயத்தில் இருந்தால் போதும்.

இனிதான் கேரளத்தின் தனிச்சிறப்பு. உலகத்தில் மற்ற ஜெப ஆலயங்களில் வாசிப்பு மேடை ஒன்றுதான். கேரளத்து ஆலயங்களில் இரண்டு. கீழே, கூடத்தின் நடுவில், பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை அன்றாடத் தொழுகைக்கு. இன்னொன்று மாடியில். சபாத்திலும் பண்டிகைகளிலும் தோரா வாசிப்பு அந்த மாடி மேடையிலிருந்துதான். அதற்கு நேர் பின்னால், மரச் சட்டகத் தடுப்புக்கு அந்தப் புறம், பெண்கள் அமரும் பகுதி. வேறு நாடுகளில் பெண்கள் மாடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, தொலைவில் கேட்கும் குரலுக்குக் காதைத் தீட்ட வேண்டியிருக்கும். இங்கே வாரத்தின் மிக முக்கியமான நேரத்தில் வேதம் படியேறி அவர்கள் பக்கத்தில் போய் நிற்கிறது. ஆண்கள்தான் கீழே நின்று அண்ணாந்து கேட்க வேண்டும். எந்தத் தச்சர் முதலில் இந்த அமைப்பைச் செய்தாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

அந்தப் பெண்கள் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்களும் அல்ல. எபிரேயம் படித்தவர்கள், தொழுகைப் பாடல்களை உரக்கப் பாடியவர்கள். கல்யாணம், விருத்தசேதனம், ஆலயத் திறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் மலையாளப் பாட்டு இருந்தது. கையெழுத்து நோட்டுகளில் அவற்றை எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு என்று காப்பாற்றி வந்தார்கள். இஸ்ரேலுக்குக் கப்பலேறியபோது பெட்டிக்குள் நோட்டுகளும் போயின. பார்பரா ஜான்சனும் ஸ்கரியா சக்கரியாவும் பின்னாளில் அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் அந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளில் பலவும் கிழவிகளோடு மறைந்திருக்கும்.

சனி மாலை மூன்று நட்சத்திரம் கண்ணில் பட்டதும் சபாத் விடைபெறும். மது, பல திரிகள் முறுக்கிய ஒரே மெழுகுவர்த்தி, நறுமணப் பொருள் ஆகிய மூன்றும் வழியனுப்பக் கூடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விரல்களை மடக்கி நகத்தில் ஒளி விழுவதைப் பார்ப்பார்கள். ஓய்வு நாள் போகிற சோர்வில் மனம் துவண்டுவிடக் கூடாது என்றுதான் நறுமணத்தை முகர்வது. ஐரோப்பாவில் அந்தச் சிட்டிகைக் கிராம்பை வெள்ளிக் கோபுர வடிவப் பெட்டியில் பூட்டி வைத்துப் போற்றினார்கள். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு என்ன குறை? மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாகக் கிடந்த தெரு அது. வீட்டு வாசலைத் திறந்தாலே மணம்.

வாரநாளிலும் நூல் அறுந்துபோவதில்லை. திங்களும் வியாழனும் தோரா வாசிப்பு உண்டு, மூன்று பேர் அழைக்கப்படுவார்கள். பழங்காலத்தில் இவை சந்தை கூடும் நாள்கள். சரக்கோடு ஊருக்குள் வருகிறவன் காதிலும் இரண்டு வரி விழட்டும் என்ற ஏற்பாடு. மூன்று நாள் தொடர்ந்து வேதம் கேளாமல் போகக் கூடாது என்பதும் கணக்கு. அந்த நாள்களில் வாசிப்பது வரும் சனிக்கிழமைப் பகுதியின் தொடக்கத்தை மட்டுமே, பத்திரிகைத் தொடர்கதைக்கு முன்னோட்டம் போடுவதுபோல. இப்படி 54 பகுதிகளாக ஓராண்டில் ஐந்து ஆகமங்களும் முடியும். முடிந்த அன்றே மறுபடி ஆதியாகமத்தின் முதல் வரி. அந்த நாளின் பெயர் சிம்ஹத் தோரா, தோராவின் மகிழ்ச்சி. கொச்சியில் அன்று பேழைக்கு வெளியே தனியாக ஓர் அலங்கார மேடை கட்டி, எல்லாச் சுருள்களையும் அதில் கொலுவிருத்தி, பிற்பகலில் அவற்றைக் கையில் ஏந்தி ஆலயத்தின் வெளிப்பிராகாரத்தைப் பாட்டோடு சுற்றி வந்தார்கள். இப்படி வெளியே வலம் வருவது கொச்சிக்கே உரிய வழக்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆலயச் சுவரை ஒட்டி பழையன்னூர் பகவதி கோயில். உற்சவமூர்த்தி புறப்பாட்டைப் பக்கத்திலேயே பார்த்து வளர்ந்தவர்களின் கால்கள் வேறு எப்படி நடக்கும்?

இவ்வளவையும் நடத்தியது யார் என்று கேட்டால் பதில் இன்னும் சுவையானது. கொச்சி யூதர்களுக்கு ரப்பி என்று சொல்லத்தக்க சமயகுரு இருந்ததே இல்லை. தொழுகை நடத்த ஒருவர், ஆட்டை முறைப்படி அறுக்க ஒருவர், சுருளைக் கவனிக்க ஒருவர், கணக்கு வழக்குக்கு மூப்பர்கள். சம்பளக்காரர்கள் ஓரிருவர், மற்றதெல்லாம் ஊர்வேலை. மிளகு வியாபாரியும் வக்கீலும் கோழி விற்பவரும் முறைவைத்து மேடையேறினார்கள். கற்றவர் தனி வகுப்பு, மற்றவர் தனி வகுப்பு என்று பிரியாததால் பதின்மூன்று வயதுப் பையனுக்கும் சுருளை வாசிக்கத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் ஆதாரமாக ஒரு எண். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் முழுத் தொழுகை, தோரா வாசிப்பு, இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷ் என்ற வேண்டுதல் எல்லாம். அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். ஒன்பது ஞானிகள் இருந்தாலும் போதாது. பத்தாவதாக ஒரு பாமரன் வந்து நின்றால் சபை நிறைந்துவிடும். ஆட்களை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது, மனிதன் எண்ணிக்கைப் பொருளல்ல. அதற்காகப் பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரியை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். வரி முடிந்தால் ஆள் சரி. கடைசிச் சொல் மிஞ்சினால் யாராவது தெருவுக்கு ஓடுவார்கள்.

தகப்பனையோ தாயையோ இழந்தவர் பதினோரு மாதம் தினமும் கத்தீஷ் சொல்வார். ஏன் பன்னிரண்டு இல்லை? கொடியவனுக்குத்தான் பன்னிரண்டு மாதத் தண்டனை என்பது நம்பிக்கை. முழு ஆண்டும் சொன்னால் பெற்றவரைப் பாவி என்று சொன்னதுபோல் ஆகிவிடும். ஒரு மாதத்தைக் குறைத்து மகன் பெற்றவரின் மானத்தைக் காக்கிறான். பத்துப் பேர் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால் துக்கப்பட்டவர் தினமும் வீட்டை விட்டு வெளியே வந்தே தீர வேண்டும். மற்ற ஒன்பது பேரும் அவருக்காக வந்தே தீர வேண்டும். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கூட வந்து நிற்கலாம், நிற்பதே உதவி.

இத்தனை நயத்தையும் பாராட்டிவிட்டுக் கறையை மறைத்தால் பாராட்டு பொய்யாகிவிடும். இதே பரதேசி ஆலயத்தில், அடிமை வழி வந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்கள் நெடுங்காலம் முன்கூடத்தின் தரையில்தான் உட்கார வேண்டியிருந்தது. தோராவுக்கு அழைக்கப்படும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. பத்தாவது ஆளைத் தேடி ஓடும் மதம், முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தவரை ஆளாகப் பார்க்கவில்லை. அதே சமூகத்தில் பிறந்த வக்கீல் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) இதை எதிர்த்துத் தன் ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு அதனால்தான் வந்தது. அந்த வழக்கம் மெல்ல மெல்ல உடைந்தது. உடைந்து முடிவதற்குள் ஊரே கிளம்பிவிட்டது.

1948க்குப் பிறகு, பெரும்பாலும் 1950களில், ஏறத்தாழ 2,400 கேரள யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். யாரும் விரட்டவில்லை. கொச்சி மண்ணில் அவர்களுக்கு அரச மரியாதையே இருந்தது. கி.பி. 1000ஐ ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு முயிரிக்கோட்டிலிருந்து அளித்த செப்பேடு இந்த ஆலயத்தில்தான் இருக்கிறது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று 72 உரிமைகள். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழும் மலையாளமும் பிரியாத காலத்துச் சேரநாட்டு மொழி. தமிழ் படித்தவர் மெல்ல எழுத்துக்கூட்டினால் பல சொற்கள் பிடிபடும். 1968இல் ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலை வெளியானது. விழாவுக்கு ஆள் இருந்தது. அன்றாடம் மின்யானுக்கு ஆள் கூட்டுவதுதான் கடினமாகிக்கொண்டிருந்தது.

இன்று மட்டாஞ்சேரியில் ஊர்க்காரர்களை வைத்துப் பத்தைச் சேர்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த யூதப் பயணிகள் எண்ணிக்கையில் கூடினால் தொழுகை நடக்கும். எர்ணாகுளம் கடவும்பாகம் ஆலயத்தின் முன்கட்டில் நெடுங்காலம் செடியும் வளர்ப்பு மீனும் விற்ற கடை, அந்தக் கட்டடத்தை இடியாமல் காத்தது. மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் செதுக்கு மரவேலைகள் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நெகேவ் பாலைவனத்தின் நெவாடிம் குடியிருப்பில், கொச்சிக்காரர்கள் தங்கள் ஊர் முறையில் ஆலயம் கட்டித் தொழுகிறார்கள். அங்கே பத்துப் பேருக்குப் பஞ்சமில்லை.

சனிக்கிழமையும் யூதப் பண்டிகைகளும் தவிர்த்து மற்ற நாளில் மட்டாஞ்சேரிக்குப் போங்கள். வெள்ளி என்றால் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஓடுகளைப் பார்த்து முடித்ததும் உடனே வெளியேறிவிடாமல், பேழைக்கு முதுகு காட்டி நின்று மாடியைப் பாருங்கள். சபாத்தில் வேதம் வாசித்த மேடை அங்கே இருக்கிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. நீங்களே கேளுங்கள்.